வளைகாப்பு முடிஞ்சு பொண்ணை அனுப்பும்போது அந்த நோட்டையும் அனுப்புங்க

1.
நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்ல ஏழு, எட்டு, ஒன்பது மாசக் கர்ப்பிணி இருந்தா அவசியம் படிங்க. இது அவங்களுக்காக எழுதினது மட்டும் இல்ல. அவங்க கணவர், அம்மா, அப்பா, மாமனார், மாமியார் எல்லாருக்கும்தான்.

2.
எங்க ஊர் திருவண்ணாமலை. ஒவ்வொரு வருஷமும் ஆடிப்பூரத்துக்கு அருணாசலேஸ்வரர் கோயில்ல அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். அந்த வளையலை வாங்கறதுக்குப் பெண்கள் கூட்டமா நிப்பாங்க. அம்மனுக்கே வளைகாப்பு நடத்திப் பார்க்கிற ஊர் இது. வளைகாப்பு வேண்டாம், பொண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னு சொல்ல நான் வரல. எனக்கும் வளைகாப்பு நடந்துச்சு. நானும் அம்மா வீட்டுக்குப் போனேன். அந்தக் கதையும் கீழ வருது.

3.
நான் சொல்ல வர்றது இதுதான். சீர்த் தட்டு எத்தனைன்னு எண்ணி வைக்கிறோம். கட்டுச்சோறு எத்தனை வகைன்னு பேசறோம். எந்த நாள், எந்த நேரத்துல கிளம்பணும்னு பஞ்சாங்கம் பார்க்கிறோம். ஆனா அந்தப் பொண்ணோட ஆறேழு மாச மருத்துவக் குறிப்பு மட்டும் மாமியார் வீட்டு பீரோவுலயே தங்கிடுது. அவளைப் பத்தித் தெரிஞ்ச நர்சம்மா ஒரு ஊர்ல. அவ இருக்கிறது வேற ஊர்ல.

4.
கொஞ்ச நாள் முன்னாடி நான் இரவு டியூட்டியில இருந்தப்ப நடந்தது. அடையாளம் தெரியக்கூடாதுங்கறதுக்காகச் சில விவரங்களை மாத்தியிருக்கேன். 22 வயசுப் பொண்ணு. முதல் பிரசவம். எட்டாவது மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோவுல கொண்டு வந்தாங்க. வர்ற வழியிலயே ஒரு தடவை வலிப்பு வந்திருக்கு. நாக்கைக் கடிச்சு வாயோரம் ரத்தம். பிபி 170/110.

5.
கூட வந்த அம்மாகிட்ட கேட்டேன். "இதுக்கு முன்னாடி பிபி இருந்துச்சா?" "தெரியலைங்கம்மா." "நோட்டு எங்க?" "அவங்க மாமியார் வீட்ல இருக்குது." "கடைசியா எப்போ செக்கப் போனீங்க?" அந்தம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டுச் சொன்னாங்க, "வளைகாப்புக்கு முன்னாடி போனதுங்க." வளைகாப்பு முடிஞ்சு ஆறு வாரம் ஆகியிருந்துச்சு.

6.
மறுநாள் அந்த நோட்டு வந்தது. 26-வது வாரத்துல பிபி 130/84. அதைச் சுத்தி சிவப்புல வட்டம். பக்கத்துல கிராம சுகாதார செவிலியரோட கையெழுத்து: "அம்மாவுக்கு பிபி உண்டு. வாரம் ஒருமுறை பார்க்கவும்." தன் வேலையை அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க. அந்தச் சிவப்பு வட்டம் ஆறு வாரமா போளூர் பக்கம் ஒரு பீரோவுக்குள்ள இருந்துச்சு. பொண்ணு செங்கம் பக்கம் அம்மா வீட்ல இருந்தா.

7.
ஏன் நோட்டைக் கொடுத்து அனுப்பலைன்னு மாமியார்கிட்ட கேட்டேன். அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல, அழுதுட்டே இருந்தாங்க. "பணம் வர்ற நோட்டு, தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வெச்சேம்மா" என்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய் உதவியைச் சொல்றாங்க. பத்திரம்னு நினைச்சுத்தான் பூட்டி வெச்சிருக்காங்க. இதைப் பல வீடுகள்ல பார்த்துட்டேன்.

8.
இப்போ கொஞ்சம் மருத்துவம். கர்ப்பத்துல 20 வாரத்துக்கு மேல பிபி 140/90 அல்லது அதுக்கு மேல போனா கவனிக்கணும். அதோட சிறுநீர்ல புரதம் போறது, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள்ல பாதிப்பு மாதிரி ஏதாவது சேர்ந்தா அதுக்குப் பேர் ப்ரீ-எக்லாம்ப்சியா. 160/110 தொட்டா அது அவசரநிலை. வலிப்பு வந்துட்டா எக்லாம்ப்சியா. தாய், குழந்தை ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்து.

9.
இதுல மோசமான விஷயம், ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது. 140/90 இருக்கிற பொண்ணு நல்லா சிரிச்சுப் பேசிட்டு, சாப்பிட்டுட்டு, டிவி பார்த்துட்டு இருப்பா. முகம் கொஞ்சம் உப்பினா "கர்ப்பக் களை"ம்பாங்க. கால் வீங்கினா "தண்ணி கோத்திருக்கு"ம்பாங்க. பட்டை கட்டி அளந்து பார்த்தா ஒழிய யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

10.
அதனாலதான் கடைசி மாசங்கள்ல செக்கப்பை நெருக்கமா வைக்கிறோம். பொதுவான வழக்கம் என்னன்னா, 28 வாரம் வரைக்கும் மாசம் ஒரு தடவை. 28-ல இருந்து 36 வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதுக்கு மேல வாரா வாரம். ஏற்கெனவே பிபி, சர்க்கரை, ரத்தசோகை இருந்தா இன்னும் அடிக்கடி.

11.
இப்போ கணக்கைப் பாருங்க. ஏழாம் மாசம்னா கிட்டத்தட்ட 28 வாரம். எந்த நேரத்துல செக்கப் அடிக்கடி தேவைப்படுதோ, சரியா அந்த நேரத்துலதான் நாம பொண்ணுக்கு ஊரை மாத்தறோம், வீட்டை மாத்தறோம், நர்சம்மாவை மாத்தறோம். மாத்தறது தப்பில்ல. மாத்திட்டு புது ஊர்ல சொல்லாம இருக்கறதுதான் தப்பு.

12.
தாய் வீட்டுக்குப் போறது நல்ல பழக்கம்தான். மாமியார் வீட்ல எட்டாம் மாசத்துலயும் விடிகாலை எழுந்து வாசல் தெளிக்கிற பொண்ணு, அம்மா வீட்ல ஏழு மணி வரைக்கும் தூங்குவா. பிடிச்சதைக் கேட்டுச் சாப்பிடுவா. பயம் வந்தா வாய்விட்டு அழுவா. இதுக்கெல்லாம் மாத்திரை கிடையாது. "மூடப்பழக்கம்"னு திட்டிட்டுப் போறது சுலபம். அதை நான் செய்ய மாட்டேன்.

13.
அந்த ராத்திரிக்கு வர்றேன். தலைவலி ரெண்டு நாளா இருந்திருக்கு. "போனை நோண்டாதே, சரியாயிடும்"னு சொல்லி தைலம் தடவியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் மங்கலா தெரியுதுன்னு சொல்லியிருக்கா. அப்பவே கிளம்பியிருந்தா பத்தரைக்குள்ள எங்ககிட்ட வந்திருக்கலாம். வந்தது ரெண்டு மணிக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?

14.
போன். அம்மா, பெங்களூர்ல கட்டட வேலையில இருக்கிற மாப்பிள்ளைக்குப் போன் போட்டாங்க. அவர் எடுக்கல. எடுத்தப்புறம், "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்"னார். அப்பா, "நம்ம வழக்கமா பார்க்கிற டாக்டர்கிட்டயே காலையில கூட்டிட்டுப் போகலாம்"னார். "நாம பாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஏதாவது ஆயிட்டா சம்பந்தி என்ன சொல்வாங்க"ன்னு இவங்களுக்குப் பயம். ஒரு மணிக்கு வலிப்பு வந்தது. அதுக்கப்புறம் யாரும் யாரையும் கேட்கல.

15.
பிரசவ மரணங்களைப் பத்திப் படிக்கிறவங்க எல்லாருக்கும் "மூன்று தாமதங்கள்" தெரிஞ்சிருக்கும். தடியஸ், மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1994-ல் எழுதினது. போகணும்னு முடிவெடுக்கிறதுல தாமதம், மருத்துவமனை போய்ச் சேர்றதுல தாமதம், போனப்புறம் சிகிச்சை கிடைக்கிறதுல தாமதம். ரெண்டாவதுக்குத் தமிழ்நாட்ல 2008-ல இருந்து 108 ஓடுது. மூணாவது எங்க பொறுப்பு. அதுல குறை இருந்தா எங்களைக் கேளுங்க, கேட்கணும். ஆனா முதல் தாமதத்துக்கு அரசு வண்டி விட முடியாது. அது உங்க வீட்டுக் கூடத்துல நடக்குது.

16.
தமிழ்நாட்ல இன்னிக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையிலதான் நடக்குது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி 99 சதவீதத்துக்கும் மேல. ஆனாலும் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார்களை இழந்திருக்கோம். இந்திய அளவு 97. அதைவிட நாம நல்லா இருக்கோம், பெருமைதான். ஆனா பக்கத்துல கேரளா 19. மருத்துவமனைக்கு வர்றது மட்டும் போதாது, எப்போ வர்றோம், எந்தத் தகவலோட வர்றோம்ங்கறதும் முக்கியம்னு எனக்கு இந்த எண்கள் சொல்லுது.

17.
மருந்து இல்லையான்னா, இருக்கு. மெக்னீசியம் சல்ஃபேட். விலை குறைவு, அரசு மருத்துவமனைகள்ல இருக்கு. 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, 33 நாடுகள்ல 10,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள்கிட்ட இதைச் சோதிச்சது. ப்ரீ-எக்லாம்ப்சியா இருக்கிறவங்களுக்கு வலிப்பு வர்ற வாய்ப்பை இது பாதியா குறைக்குதுன்னு காட்டுச்சு. ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தா இதை வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே கொடுத்திருப்போம்.

18.
சரி, இப்போ என் கதை. எனக்கு 32 வாரம் இருக்கும்போது ஆரணியில அம்மா வீட்டுக்குப் போனேன். டாக்டர்ங்கற தைரியம். "எனக்குத் தெரியாதா"ன்னு மூணு வாரம் பிபியே பார்க்கல. மோதிரம் டைட்டா இருக்குதுன்னு தெரிஞ்சும் "சாப்பாடு ஜாஸ்தி"ன்னு நானே சிரிச்சுக்கிட்டேன். எங்கம்மா எட்டாவதுதான் படிச்சவங்க. "உனக்கு டாக்டர் வேலை ஆஸ்பத்திரியில, இங்க நீ புள்ளத்தாச்சி"ன்னு சொல்லி, அந்தப் பகுதி நர்சம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. பார்த்தா 146/94. மாத்திரை ஆரம்பிச்சாங்க. 37 வாரத்துல நல்லபடியா பிரசவம். என் எம்பிபிஎஸ் அன்னிக்கு எனக்கு உதவல. அம்மாதான் உதவினாங்க.

19.
அதனால உங்ககிட்ட கேட்கிறது மூணே விஷயம். காசு செலவே கிடையாது.

முதல் விஷயம், நோட்டு. நர்சம்மா கொடுத்த தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் ஒரே பையில போட்டு அவகூடவே அனுப்புங்க. ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்து ரெண்டு வீட்ல இருக்கிறவங்களுக்கும் அனுப்புங்க. பை தொலைஞ்சாலும் படம் இருக்கும். பிக்மி எண் மாநிலம் முழுக்க ஒண்ணுதான், ஊர் மாறினா எண் மாறாது.

20.
ரெண்டாவது விஷயம், தகவல். கிளம்புறதுக்கு முன்னாடி இந்த ஊர் நர்சம்மாகிட்ட, "பொண்ணு இன்ன ஊருக்குப் போறா"ன்னு சொல்லுங்க. போய்ச் சேர்ந்த வாரத்துக்குள்ள அந்த ஊர் நர்சம்மாகிட்ட, "பொண்ணு வந்திருக்கா"ன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏறியிருக்குமேன்னு நினைக்காதீங்க. ஏறியிருக்கும்தான். ஆனா பொண்ணு ஊர் மாறிப் போனது யாராவது சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்? நர்சம்மா யாருன்னு தெரியலைன்னா அங்கன்வாடியில கேளுங்க, சொல்வாங்க. இல்லைன்னா 104-க்குக் கூப்பிடுங்க.

21.
மூணாவது விஷயம், முடிவு. இதுதான் கஷ்டமானது. வளைகாப்பு அன்னிக்கு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒண்ணா இருப்பீங்க இல்லையா? சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் உட்காருங்க. மாமனார் தன் வாயால சொல்லணும்: "சம்பந்தி, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. எங்களுக்குப் போற வழியில போன் பண்ணா போதும்." இந்த ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தா அந்த நாலு மணி நேரம் வீணாகியிருக்காது.

22.
எல்லாத்துக்கும் மேல முடிவு அந்தப் பொண்ணோடது. அவ உடம்பு. "எனக்கு என்னமோ சரியில்ல"ன்னு அவ சொன்னா அதுவே போதும். 108-க்கு அவளே கூப்பிடலாம், யார் அனுமதியும் வேண்டாம். ஆபரேஷனுக்குக் கூட, 18 வயசு நிறைஞ்சு சுயநினைவோட இருக்கிற பெண்ணோட சம்மதம்தான் சட்டப்படி தேவை. கணவர் கையெழுத்து கட்டாயம் இல்ல. 2008-ல் சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம், நோயாளிக்குப் பதிலா அவங்க அம்மா கொடுத்த சம்மதம் செல்லாதுன்னு சொன்னது. உயிர் போற அவசரம்னா சம்மதத்துக்காகக் காத்திருக்காம சிகிச்சை தரலாம்.

23.
இதுல எங்க தரப்புத் தப்பும் உண்டு. சட்டம் தெரிஞ்சும் "வீட்டுக்காரர் எங்க?"ன்னுதான் நாங்க முதல்ல கேட்கிறோம். நோட்டு இல்லாம வந்தா "படிச்சவங்கதானே, அறிவில்ல?"ன்னு திட்டறோம். திட்டு வாங்கினவங்க அடுத்த தடவை இன்னும் லேட்டா வருவாங்க. நானும் திட்டியிருக்கேன். இப்போ நிறுத்திட்டேன். சக டாக்டர்கள், செவிலியர்கள் யாராவது படிச்சா நீங்களும் யோசிங்க. நோட்டு இல்லைன்னாலும் உடனே வாங்க, பார்ப்போம்.

24.
எப்போ உடனே கிளம்பணும்? இதை மட்டுமாவது சுவத்துல ஒட்டி வைங்க.
விடாத தலைவலி.
கண் மங்கல், பூச்சி பறக்கிற மாதிரி தெரியறது.
மேல் வயித்துல வலி.
திடீர்னு முகம், கை வீக்கம்.
ரத்தப்போக்கு, எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும்.
பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போறது.
குழந்தையோட அசைவு வழக்கத்தைவிடக் குறையறது.
வலிப்பு, மூச்சுத் திணறல், காய்ச்சல்.
"காலையில பார்க்கலாம்"ங்கற பேச்சே வேண்டாம்.

25.
வெளியூர்ல இருக்கிற கணவர்களுக்கு. எங்க மாவட்டத்துல இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போற குடும்பங்கள் ஏராளம். தினம் போன் பண்றீங்க. "சாப்பிட்டியா?" கேட்கிறீங்க. நல்லது. அதோட இன்னும் மூணு கேள்வி சேர்த்துக்கோங்க. "இன்னிக்குக் குழந்தை நல்லா அசைஞ்சுதா? தலைவலி, வீக்கம் ஏதாவது இருக்கா? சத்து மாத்திரை போட்டியா?" அப்புறம், அடுத்த செக்கப் தேதியை உங்க போன்லயும் அலாரம் வைங்க. நூறு மைல் தள்ளி இருந்தும் செய்யக்கூடிய வேலை இது.

26.
இந்தச் சத்து மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா குழந்தை கருப்பா பிறக்கும்னு இன்னமும் சொல்றாங்க. மலம்தான் கருப்பா போகும், குழந்தை இல்ல. கம்மியா சாப்பிட்டா குழந்தை சின்னதா இருந்து சுகப்பிரசவம் ஆகும்னும் சொல்றாங்க. அதுவும் தப்பு. எடை குறைஞ்ச குழந்தையும் ரத்தம் குறைஞ்ச தாயும்தான் மிச்சம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோட போடாதீங்க. கால்சியம் மாத்திரையையும் அதோட சேர்க்காதீங்க, வேற வேளையில போடுங்க.

27.
எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. பிரசவத் தேதி தெரிஞ்சதும் காலண்டர்ல பௌர்ணமி எப்போன்னு பாருங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில லட்சக்கணக்கான பேர் நடக்கிற ராத்திரி, ஊருக்குள்ள வண்டி நுழையறது எவ்வளவு சிரமம்னு உங்களுக்கே தெரியும். கார்த்திகை தீபம்னா கேட்கவே வேண்டாம். தேதி அதை ஒட்டி வந்தா முன்கூட்டியே நர்சம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசி எங்க சேரணும், எப்போ சேரணும்னு முடிவு பண்ணுங்க. அன்னிக்கு வலி வந்தா சொந்த ஆட்டோவுல கூட்டத்துக்குள்ள நுழையாம 108-ஐக் கூப்பிடுங்க. ஜவ்வாதுமலைக் கிராமங்கள்ல இருக்கிறவங்க, கடைசி வாரம் வரைக்கும் மேலயே இருக்காம முன்னாடியே கீழ வந்து தங்க முடியுமான்னு கேளுங்க. பிபி, சர்க்கரை இருந்தா கண்டிப்பா கேளுங்க.

28.
அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேட்பீங்க. பிழைச்சா. வலிப்பை நிறுத்தி, பிபியைக் குறைச்சு, ஆபரேஷன் பண்ணி குழந்தையை எடுத்தாங்க எங்க மகப்பேறு மருத்துவர்கள். 1.6 கிலோ. பச்சிளம் குழந்தைகள் வார்டுல 24 நாள். தாய், குழந்தை ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க. எல்லாருக்கும் இப்படி முடியறது இல்ல. முடியாததையும் பார்த்திருக்கேன். அதை இங்க எழுத மனசு வரல.

29.
தீபத் திருவிழா சமயத்துல எங்க ஊர் மாட வீதியில ஒரு காட்சி பார்க்கலாம். குழந்தை வரம் வேண்டிக்கிட்டவங்க, கரும்புல சேலையைத் தொட்டிலாக் கட்டி, குழந்தையை அதுல போட்டு, கரும்போட ஒரு முனையை அப்பாவும் இன்னொரு முனையை அம்மாவும் தோள்ல தாங்கி வலம் வருவாங்க. ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்க்கும்போது எனக்கு ஒண்ணுதான் தோணும். அந்தக் கரும்புக்கு ரெண்டு முனை. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்.

30.
உங்க வீட்ல அடுத்த வளைகாப்பு எப்போ? சீர்த் தட்டு வரிசையில முதல் தட்டுல அந்த நோட்டை வைங்க. மஞ்சள், குங்குமம், பூவோட அதுவும் போகட்டும்.

யாருக்குத் தேவைப்படும்னு தோணுதோ அவங்களுக்கு அனுப்புங்க. முக்கியமா மாமனார்களுக்கு.